கடைசி ஐந்து பூஜ்யங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை உங்கள் மாணவர் இணைப்பில் சதுரங்கப் பலகைக் கதை வந்திருந்தது. முதல் கட்டத்தில் ஓர் அரிசி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால் 64 கட்டத்துக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு? விடை 18446744073709600000 என்று பெரிய எழுத்தில், மஞ்சள் கட்டம் போட்டு அச்சிட்டிருந்தீர்கள்.

காபி குடித்துக்கொண்டே படித்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். தப்பு.

நான் கணித வாத்தியார் இல்லை. நீடாமங்கலம் பக்கம் ஓர் அரவை மில்லில் முப்பத்தொரு வருஷம் கணக்கு எழுதியவன். சிட்டை, நாள்வழி, பேரேடு, ஐந்தொகை என்று போன வாழ்க்கை. ஒரு தொகையைப் பார்த்ததும் அதன் கடைசி இலக்கத்துக்குத்தான் கண் முதலில் போகும். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: இந்த எண் பூஜ்யத்தில் முடியவே முடியாது. முதல் கட்டத்தில் இருப்பது ஒற்றை அரிசி. மற்ற 63 கட்டங்களிலும் இரட்டைப்படை. இரட்டைப்படைகளை எத்தனை கூட்டினாலும் இரட்டைப்படை, அதோடு ஒன்று சேர்ந்தால் ஒற்றைப்படை. நீங்கள் அச்சிட்ட எண்ணையோ எட்டு முறை பாதி பாதியாக்கலாம். அத்தனை முறையும் மிச்சமில்லாமல் வரும்.

உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "ஐயா, இருபது இலக்க நம்பர். கடைசியில் நாலு பூஜ்யம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? பெரிசு என்று பிள்ளைகளுக்குப் புரிந்தால் போதாதா?" என்றார். நாலு இல்லை, ஐந்து என்றேன். சிரித்தார். வேலை நேரம், அதற்குமேல் அவரைப் பிடித்து வைத்துக்கொள்வது நியாயமில்லை என்று வைத்துவிட்டேன். அவருக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சரியான எண். கம்ப்யூட்டர் இல்லாமலே போடலாம். 2-ஐ எட்டு முறை பெருக்கினால் 256. அதன் வர்க்கம் 65536. அதன் வர்க்கம் 4294967296, இது 32 முறை பெருக்கியது. இதையும் ஒரு தடவை வர்க்கமாக்கினால் 64 முறை ஆகிவிடும். பத்து இலக்கத்தைப் பத்து இலக்கத்தால் நேரடியாகப் பெருக்கினால் கைதவறும். அதனால் 42949 என்றும் 67296 என்றும் நடுவில் வெட்டிக்கொண்டேன். 42949 என்பது 43 ஆயிரத்துக்கு 51 குறைச்சல், அதன் வர்க்கம் 1844616601. 67296 என்பது 67300-க்கு 4 குறைச்சல், அதன் வர்க்கம் 4528751616. இரண்டையும் பெருக்கி இரட்டித்தால் 5780591808. முதலாவதுக்குப் பின்னால் பத்துப் பூஜ்யம், மூன்றாவதுக்குப் பின்னால் ஐந்து பூஜ்யம் சேர்த்து, மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டினேன். வந்தது:

18446744073709551616.

கட்டங்களின் கூட்டுத்தொகை இதற்கு ஒன்று குறைவு. 1, 2 என்று கூட்டினால் 3, அடுத்த கட்டம் 4. 1, 2, 4 கூட்டினால் 7, அடுத்த கட்டம் 8. எப்போதும் அடுத்த கட்டத்துக்கு ஒன்று குறைவாகத்தான் நிற்கும். ஆக விடை 18446744073709551615. நம் வழக்கப்படி படித்தால் 1,84,467 கோடி கோடியே 44,07,370 கோடியே 95,51,615. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதுமானதாக இருந்தது.

அப்படியானால் உங்கள் எண் எங்கிருந்து வந்தது? என் பேத்தி மடிக்கணினியில் காட்டினாள். கணக்குப் போடும் விரிதாளில், 2-ஐ 64 முறை பெருக்கி ஒன்றைக் கழி என்று அவளே அடித்து என்டரைத் தட்டினாள். கண்ணெதிரே கடைசி ஆறு இலக்கமும் தப்பாக, உங்கள் மஞ்சள் கட்டத்தில் இருந்த அதே எண் வந்து உட்கார்ந்தது. அந்த விரிதாள் பதினைந்து இலக்கம் வரைக்கும்தான் காட்டுமாம், பதினைந்தாவதைக் கிட்டத்து இலக்கத்துக்கு முழுசாக்கிவிட்டு மீதிக்குப் பூஜ்யம் போட்டு நிரப்பிவிடுமாம். எங்கள் மில்லில் ஒரு குமாஸ்தா இப்படிச் செய்திருந்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

வித்தியாசம் எவ்வளவு என்று கழித்துப் பார்த்தேன். 48,385 அரிசி நீங்கள் கூடுதலாகக் காட்டியிருக்கிறீர்கள். பொன்மணிப் புழுங்கலரிசியில் ஆயிரம் மணியை எண்ணி, பக்கத்து வீட்டு நகைக்கடைத் தம்பியின் தராசில் வைத்தேன். 18 கிராம் காட்டியது. எண்ணுவதற்கு முக்கால் மணி நேரம். நடுவில் ஒருமுறை பேரன் வந்து தட்டைத் தட்டிவிட்டான், மறுபடி முதலிலிருந்து. ஆக உங்கள் பிழையின் எடை 870 கிராம் சொச்சம். மொத்த அரிசியின் எடையோ 33 ஆயிரம் கோடி டன்னுக்கு மேல். உலகம் முழுக்க இப்போது வருஷத்துக்கு விளைகிற அரிசி ஐம்பது கோடி டன்னைக் கொஞ்சம் தாண்டும், ஆக அறுநூறு வருஷ விளைச்சல். அதில் முக்கால் கிலோ சொச்சம் என்பது தூசு. ஒப்புக்கொள்கிறேன். எடைபோட்டுக் கொடுப்பதற்கு உங்கள் எண்ணே போதும், தம்பி சொன்னது அந்த மட்டில் சரி.

ஆனால் எண் எடை மட்டும் இல்லையே. இந்த எண்ணுக்கு உள்ளே ஒரு கட்டுமானம் இருக்கிறது. ஓர் இலக்கம் மாறினாலும் அது குலைந்துவிடும்.

இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள். சரியான எண்ணுக்கு 87 வரும், மூன்றால் வகுபடும். உங்கள் எண்ணுக்கு 70, மூன்றால் வகுத்தால் ஒன்று மிஞ்சும். மூன்றால் வகுபட்டே ஆக வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? பலகையைப் பாருங்கள், தெரிந்துவிடும். முதல் இரண்டு கட்டத்தில் 1, 2, மொத்தம் 3. அடுத்த இரண்டில் 4, 8, மொத்தம் 12. அடுத்தது 48. ஜோடி ஜோடியாக எடுத்தால் ஒவ்வொரு ஜோடியும் மூன்றின் மடங்கு. நான்கு நான்காக எடுத்தால் 1, 2, 4, 8 சேர்ந்து 15, அதற்கப்புறம் எல்லா நான்கும் 15-ன் மடங்கு. ஆகவே ஐந்தாலும் வகுபடும். ஒற்றைப்படையாகவும் இருந்து ஐந்தாலும் வகுபட்டால் எண் 5-ல்தானே முடிய வேண்டும்? முடிகிறது.

இன்னும் மேலே போகலாம். ஒரு வரிசை எட்டுக் கட்டம், மொத்தம் 255 அரிசி. டீஸ்பூன் நிறையுமோ என்னவோ. 255 என்பது 15 × 17. இரண்டு வரிசை சேர்ந்தால் 65,535, ஒரு கிலோ சொச்சம். அது 255 × 257. நான்கு வரிசை, அதாவது பாதிப் பலகை, 65,535 × 65,537. இது 429 கோடிச் சொச்சம் அரிசி. எடை 77 டன், 25 கிலோ சிப்பமாகக் கட்டினால் 3,092 சிப்பம். இதுவரைக்கும் எங்கள் மில்லே தாங்கும், எட்டு லாரி பிடித்தால் ஏற்றிவிடலாம். மீதிப் பாதிப் பலகைதான் உலகத்தை விழுங்குகிறது. முழுப் பலகை என்பது அந்தப் பாதியை 4294967297-ஆல் பெருக்கியது.

ஆக, பலகையை இரண்டிரண்டாக மடித்துக்கொண்டே வந்தால் 3, 5, 17, 257, 65537, 4294967297 என்று ஆறு எண்கள் கிடைக்கின்றன. இவற்றைப் பெருக்கினால் நம் இருபது இலக்க எண். இந்த ஆறும் பிரெஞ்சு நாட்டு ஃபெர்மா பெயரில் வழங்கும் எண்கள். தொழிலால் அவர் வக்கீல், நீதிமன்ற உத்தியோகஸ்தர். கணிதம் ஓய்வு நேரத்து வேலை. (என் கட்சி.) 1640 வாக்கில் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில், இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண் என்று நினைப்பதாகச் சொன்னார். முதல் ஐந்தும் அப்படித்தான். ஆறாவதான 4294967297-ல் அவர் கணிப்பு பொய்த்தது. 1732-ல் ஆய்லர் என்ற கணித மேதை அது 641-ஆல் வகுபடும் என்று கண்டுபிடித்தார்.

எனக்கு இதில் பிடித்தது, ஆய்லர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்க்கவில்லை என்பதுதான். இதை வகுக்கும் பகா எண் எதுவானாலும் 64-ன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்க முடியும் என்று அவர் நிறுவினார். அப்புறம் எவ்வளவு மிஞ்சும்? 193, 257, 449, 577, 641. ஐந்தாவது ஆளே திருடன்.

641 வகுக்கும் என்பதை வகுத்தலே போடாமல் காட்டலாம். மருமகனுக்குக் காட்டினேன், அவர் பொறியாளர், நம்பவில்லை, பிறகு அவரே போட்டுப் பார்த்து நம்பினார். 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று 640 + 1. அந்த 640 என்பது 5 × 128. இன்னொன்று 625 + 16. 625 என்பது 5-ஐ நான்கு முறை பெருக்கியது. இப்போது 640 என்பது 641-க்கு ஒன்று குறைவு. ஒன்று குறைவான எண்ணை நான்கு முறை பெருக்கினால், கழித்தலும் கழித்தலும் அடிபட்டுப் போய், 641-ஆல் வகுக்க 1 மிஞ்சும். அதாவது 625-ஐ 128-ன் நான்காம் அடுக்கால், 26,84,35,456-ஆல், பெருக்கி 641-ஆல் வகுத்தால் மிச்சம் 1. ஆனால் 641-ஐப் பொறுத்தவரை 625 என்பது 16 குறைவு என்பதற்குச் சமம். 16-ஐ 26,84,35,456-ஆல் பெருக்கினால் 4294967296. ஆக அது 641-க்கு ஒன்று குறைந்து நிற்கிறது. ஒன்றைக் கூட்டினால் சரியாக வகுபடும். முடிந்தது.

ஈவு 6700417. இது பகா எண்தானா? அதையும் விடவில்லை. 1878-ல் லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர் ஆய்லரின் 64-ஐ 128 ஆக்கிக் கொடுத்துவிட்டதால் வேலை சுருங்கிவிட்டது. 6700417-ன் வர்க்கமூலம் 2588 சொச்சம். அதுவரைக்கும் 128-ன் மடங்கோடு ஒன்று கூடிய பகா எண்கள் ஐந்தே ஐந்து: 257, 641, 769, 1153, 1409. ஐந்து வகுத்தல் போட்டேன். மிச்சம் முறையே 170, 44, 120, 334, 622. ஒன்றுகூடப் பூஜ்யம் இல்லை. ஆகவே பகா எண். கரண்ட் போயிருந்த ஒரு சாயங்காலம் முழுசாக இதற்குப் போனது.

ஆக உங்கள் மஞ்சள் கட்டத்தில் இருந்திருக்க வேண்டியது ஏழு பகா எண்களின் பெருக்கல்: 3, 5, 17, 257, 641, 65537, 6700417. எதுவும் இரண்டு முறை வரவில்லை. அதனால் இந்த எண்ணை மீதியில்லாமல் வகுக்கக்கூடிய எண்கள் மொத்தம் 128. பலகையின் கட்டங்களைப் போல இரண்டு மடங்கு. இது வெறும் தற்செயல், நான் எதுவும் கற்பிக்கவில்லை. ஆனால் பிள்ளைகளுக்குச் சொன்னால் கண் விரியும்.

அந்தப் பாதிப் பலகைக் கணக்கும் சும்மா இல்லை. அளவு குறிக்காத ஸ்கேலும் காம்பஸும் மட்டும் வைத்துப் பதினேழு பக்கச் சமபக்க உருவம் வரையலாம் என்று 1796-ல் காஸ் என்ற கணித மேதை கண்டுபிடித்தார், அப்போது வயது இருபதுகூட இல்லை. எந்த எண்ணிக்கையில் பக்கங்கள் இருந்தால் அப்படி வரையலாம் என்பது ஃபெர்மாவின் பகா எண்களைப் பொறுத்தது. இன்று வரை அப்படிப்பட்டவை ஐந்துதான் கிடைத்திருக்கின்றன, ஆறாவது அகப்படவே இல்லை. அந்த ஐந்தையும் பெருக்கினால் 4294967295. ஒற்றைப்படைப் பக்கங்களில் வரைய முடியும் என்று தெரிந்த உருவங்களில் மிகப் பெரியது இதுதான். நம் 3,092 சிப்பத்தில் உள்ள அரிசியின் எண்ணிக்கையும் இதேதான். ஹெர்மஸ் என்ற ஜெர்மானியர் 65537 பக்க உருவம் ஒன்றுக்கே பத்து வருஷம் உழைத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. எங்கள் மில்லின் பத்து வருஷப் பேரேடு எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

இன்னொரு சங்கதி. கட்டுரையில் இந்த அரிசிக் கதையைக் கொண்டுவந்து எங்கள் பக்கத்துத் திருப்பூவனூர்க் கோயிலில் ஒட்டிவிட்டார்கள். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்ததிலிருந்து எங்கள் சதுரங்க வல்லபநாதர் பிரபலம், சந்தோஷம். ஆனால் எங்கள் தலபுராணத்தில் அரிசியே கிடையாது. இளவரசியாகப் பிறந்த ராஜராஜேஸ்வரியைச் சிவன் சித்தராக வந்து சதுரங்கத்தில் ஜெயித்தார், மணந்தார், அவ்வளவுதான். அரிசிக் கதை கேரளத்து அம்பலப்புழையில் பால்பாயசத்தோடு சேர்த்துச் சொல்வது. அரபு நாடுகளில் அதுவே கோதுமைக் கதை. அல்பீரூனி என்ற அறிஞர் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இந்தக் கூட்டுத்தொகையைக் கணக்கிட்டு எழுதியிருக்கிறார், அவரிடம் விரிதாள் இல்லை. எங்கள் கோயிலில் இன்னொரு விசேஷம் சாமுண்டீஸ்வரி சந்நிதி, எலிக்கடிக்கும் விஷக்கடிக்கும் வேர் கட்டுவார்கள். மில்லில் எலி கடித்த ஆட்களை நானே இரண்டு தடவை கூட்டிப்போயிருக்கிறேன். அரிசிக்கும் அந்தக் கோயிலுக்கும் எனக்குத் தெரிந்த சம்பந்தம் அந்த எலிதான்.

பிழைதிருத்தம் போடுவதாக இருந்தால் ஒரு விண்ணப்பம். "18 குவின்டில்லியன்" என்று போடாதீர்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் புரியாது. கோடி கோடி என்றே போடுங்கள், ஏழேழு இலக்கமாக வெட்டி, மேலே நான் எழுதியிருக்கிற மாதிரி. அச்சாகுமுன் யாராவது ஒருவர் இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கட்டும். 87 வரவில்லையென்றால் எங்கோ தவறு. 87 வந்தாலும் முழுசாக நம்ப வேண்டாம், பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறியிருந்தால் கூட்டல் காட்டிக்கொடுக்காது. எங்கள் ஐந்தொகையில் வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எங்கோ 54-ஐ 45 என்று எழுதியிருக்கிறோம் என்று தேடுவோம். அதனால் கூட்டியும் பாருங்கள், ஒவ்வோர் இலக்கமாக விரல் வைத்தும் பாருங்கள்.

என் பெயர் போட வேண்டாம், ஊர் போதும். பழைய முதலாளி உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார். ஆயிரம் அரிசி எண்ண நேரமிருக்கிறதா என்று கேட்டுக் கூப்பிட்டுவிடுவார்.

அந்த ஆயிரம் அரிசி இப்போது இல்லை. தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தேன், வீட்டில் மறுநாள் இட்லிக்கு ஊறப்போட்டுவிட்டார்கள். 18 கிராமைச் சரிபார்க்க வேண்டுமென்றால் போனில் பேசிய தம்பிதான் வேறு அரிசி எடுத்து எண்ண வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரவை மில் கணக்கர்,
நீடாமங்கலம்.